படம் வேறு, பாடம் வேறு

மைசூரு என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் ஆய்வுலகம் கொதித்தெழுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் பெயர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் அதனுடன் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. கோரிக்கை நியாயமானது, அதற்காக எழுதியோரும் வழக்காடியோரும் நன்றிக்குரியோர். ஆனால் மைசூரில் சிறைப்பட்ட தமிழுக்காகக் குரல் கொடுத்த அதே ஆய்வுலகம், தன் மேசைமேல் இருக்கும் கணினிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும் தமிழைப் பற்றி வாய் திறப்பதில்லை. மைப்படி மைசூரில் இருந்தால் ரயிலேறிச் சென்று பார்த்துவிடலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சாகிப் பிடிஎஃப் கோப்பாக ஏற்றப்பட்ட ஆய்வேட்டுக்குள் ஒரு சொல்லைத் தேடுவதற்கு எந்த ரயிலும் உதவாது.

கண்ணுக்குத் தெரிவது படம். தேடவும் திருத்தவும் எண்ணவும் ஒப்பிடவும் இடங்கொடுப்பது பாடம். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் அரசு நிறுவனங்களும் கடந்த கால் நூற்றாண்டாகப் படங்களைக் குவித்துவிட்டு, அவற்றுக்கு மின்னுருவாக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டன. படத்தைப் பாடமாக்கும் வேலை மட்டும் ஆய்வு மாணவரின் தலையில் விடிந்தது. அவர் அதை டி.டி.பி. மையத்திடமோ இலவச இணையதளம் ஒன்றின் பொத்தானிடமோ ஒப்படைக்கிறார். பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றுவது எழுத்தர் வேலை என்ற எண்ணமே இந்த அவலத்தின் வேர். தமிழைப் பொறுத்தவரை அது பதிப்புப் பணி. பதிப்பாசிரியர் இல்லாத பதிப்பு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இன்று பல ஆய்வேடுகளின் தரவு இருக்கிறது.

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதற்காக அது சேமித்து வைப்பது, இன்ன வடிவம் பக்கத்தின் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்னும் குறிப்பை. சொல், வாக்கியம், பத்தி, அடிக்குறிப்பு ஆகியவற்றைப் படிப்பவரின் மூளை கண்டுகொள்கிறது. கோப்புக்குள் அவை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்றைக் கோப்பில் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வேர்டாக மாற்றும் மென்பொருள் அந்த அட்டவணையையே நம்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம். அது இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் நிற்கும். ஆகவே அட்டவணை குறைபட்டாலும் இழப்பு சிறிது. தமிழ் அப்படிப்பட்ட எழுத்துமுறை அன்று.

தமிழ்ப் பிடிஎஃப்களைப் பீடிக்கும் நோய் மூவகைப்படும். முதலாவது பழைய குறியேற்றம். பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியமர்த்தியவை. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லை அத்தகைய கோப்பிலிருந்து படியெடுத்து வேர்டில் ஒட்டினால் வந்து விழுவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறுவேறு ஒழுங்கு. தமிழ்நாடு அரசு 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அரசாணை கோப்பில் இருக்க, அச்சுக்கோப்புக் கடைகளில் பேஜ்மேக்கர் கோலோச்சியது. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். ஒருங்குறித் தமிழை அது அறியாது. அறியாத மென்பொருளில் ஆய்வேட்டை வடிவமைத்து, அதிலிருந்து பிடிஎஃப் எடுத்து, அதை எண்ணிம ஆவணம் என்று பல்கலைக்கழகம் பெற்றுக்கொள்வதில் உள்ள முரண்பாடு எவரையும் உறுத்தியதில்லை.

இரண்டாவது நோய் இன்னும் நுட்பமானது. ஒருங்குறியில் தட்டச்சு செய்தோரையும் அது விடுவதில்லை. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரத்தைத் தொடர்ந்து ஒகரக் குறி என்னும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. பக்கத்தில் அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாக வரையப்படுகிறது. பிடிஎஃப்பிலிருந்து பாடத்தை மீட்கும் மென்பொருள் வரைந்த வரிசையிலேயே திருப்பித் தந்தால், கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடும். திரையில் அது ஏறத்தாழச் சரியாகவே தோன்றக்கூடும்; கணினிக்கோ அது வேறு எழுத்துத் தொடர். ‘கொடி’ என்று தேடுபவருக்கு அந்தக் கோப்பில் கொடியே இல்லை. கு, மு, ரு போன்ற கூட்டு வடிவங்களுக்கு அட்டவணையில் இடம் இல்லையெனில் அவை அடியோடு மறைகின்றன.

மூன்றாவது, வருடியெடுத்த பக்கம். அச்சிட்டுக் கட்டி, கையொப்பம் வாங்கி, முத்திரை குத்தி, மறுபடி வருடிப் பிடிஎஃப்பாக்கிய ஆய்வேடுகள் இவ்வகையின. கணினியில் பிறந்த பாடத்தைக் காகிதத்தில் கொன்று, பிணத்தைப் படமெடுத்து, மீண்டும் கணினியில் வைக்கும் சடங்கு இது.

இவற்றையெல்லாம் தொழில்நுட்பச் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்குவோர், பிழையின் தன்மையை உணராதவர்கள். பிழை எங்கும் சீராகச் சிதறியிருந்தால் முடிவு மங்கலாகும், அவ்வளவே. ஒரே பக்கம் சாய்ந்த பிழை, பொய்யான முடிவையே உண்மைபோல் உருவாக்கிக் காட்டும். தமிழ்த் துணைவினைகளை எடுத்துக்கொள்ளலாம். கொள், கொடு, போ, போடு, வை, தொலை என்பவை கொம்போ இணைக்கொம்போ பெற்ற வடிவங்கள். விடு, பார் என்பவற்றுக்கு முன்னால் நிற்கும் குறி எதுவும் இல்லை. வரிசை பிறழ்ந்த கோப்பில் துணைவினைகளை எண்ணும் ஆய்வாளருக்கு ‘விடு’ மிகுதியாகக் கிடைக்கும். ‘கொள்’ அருகிக் காணப்படும். ‘வேண்டும்’, ‘இல்லை’, ‘போல’ ஆகியவையும் எண்ணிக்கையில் சரியும். அட்டவணை போட்டு, வரைபடம் தீட்டி, குறிப்பிட்ட எழுத்தாளரின் நடையில் தற்சுட்டு வினை அருகி வழங்குகிறது என்று முடிவுரை எழுதப்படும். புறத்தேர்வாளர் பாராட்டுவார். அங்கே ஆராயப்பட்டது எழுத்தாளரின் நடை அன்று. ஒரு கோப்பு மாற்றியின் கோளாறு.

ஒளிவழி எழுத்துணரி வந்துவிட்டது, இனி எல்லாம் எளிது என்று சொல்வோர் அடுத்த அணியினர். எழுத்துணரியின் முன்னேற்றம் உண்மையே. அதனால் விளைந்த நன்மையும் பெரிது. ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்துகள் சரியாக வருகின்றன என்றே வைத்துக்கொண்டாலும், 1500 எழுத்துகள் கொண்ட பக்கத்தில் 15 பிழைகள். 300 பக்க நூலில் 4500. அவை எங்கே விழுகின்றன என்பது அதைவிட முக்கியம். மங்கிய அச்சில் புள்ளி தொலைகிறது. காலும் ரகரமும் மயங்குகின்றன. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் இடம் மாறுகின்றன, எரி ஏரியாகிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் வேறு குறுக்கிடுகின்றன. பழம்பதிப்புகளின் தமிழ் எண்களில் ஒன்று ககரமாகவும் ஏழு எகரமாகவும் எட்டு அகரமாகவும் வாசிக்கப்படுகின்றன.

இந்தப் பட்டியல் தமிழ் பயின்றோருக்குப் புதிதாக இராது. ஓலைச் சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் போராடியது இந்த மயக்கங்களோடுதான். பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பொறுப்பேற்றதால் அவர்கள் பதிப்பாசிரியர் எனப்பட்டனர். அவர்கள் ஒரு தலைமுறை உழைத்துத் தீர்த்த மயக்கங்களை, அவர்களுடைய அச்சு நூல்களிலேயே மீண்டும் ஏற்றிவைத்துவிட்டு, பொறுப்பேற்க ஆளில்லாமல் நிற்கிறது இன்றைய மின்னுருவாக்கம்.

மைசூருக்கே திரும்பிப் பார்த்தாலும் பாடம் என்பது எப்படி உண்டாகிறது என்பதற்கு அந்நகரில் சான்றுகள் கிடைக்கும். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அங்குள்ள கீழ்த்திசை நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியில் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905இல் கண்டறிந்தவர் அதன் நூலகர் ஆர். சாமசாஸ்திரி. நூல் அச்சானது 1909இல். சுவடியின் எழுத்தை அச்செழுத்தாக்கும் இடைவெளியில் இருந்தது ஓர் அறிஞரின் உழைப்பு. அதே நகரின் அக்ரஹாரத்திலிருந்து 1970 ஜூலையில் ‘சுதர்மா’ என்னும் சமஸ்கிருத நாளிதழ் தொடங்கியது. பண்டிதர் வரதராஜ ஐயங்கார் தொடங்கிய அந்தச் சிறு ஏடு, ஈய அச்செழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் பிறந்தது. 2009 முதல் இணையத்திலும் வருகிறது. ஈய எழுத்துக்கு ஒரு பெருமை இருந்தது. அச்சேறும் கடைசி நொடிவரை தவறான எழுத்தை இடுக்கியால் பிடுங்கிச் சரியானதைச் செருகலாம். மெய்ப்புப் பார்ப்பவர் என்று அச்சகத்தில் ஒருவருக்கு நாற்காலி இருந்தது. ஈயத்தில் இருந்த அந்தத் திருத்தும் உரிமையும், மெய்ப்புக்காரரின் நாற்காலியும், எண்ணிமக் காலத்தில் ஒருசேரப் பறிபோயின.

மைசூரு மானசகங்கோத்ரியில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் சொல்லும் செய்தியும் அதுவே. 1990களின் தொடக்கத்தில் மத்திய அரசின் திட்டத்தின்கீழ்த் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கு மொழிக்கு ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் கொண்ட தரவகங்களை உருவாக்கும் பணி அந்நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. பின்னர் அதனோடு இணைந்து தெற்காசிய மொழித் தரவகம் தொகுத்த லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், பழைய எழுத்துருக்களை ஒருங்குறியாக்குவதற்கென்றே தனியாக ஒரு மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. எழுத்துருச் சிக்கலை ஆய்வுச் சிக்கலாக அவர்கள் மதித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழ்த் துறைகள் அதைக் கடைக்காரரின் சிக்கலாகவே கருதுகின்றன.

இனி ஆய்வேடுகளின் நிலை. ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது; அவை ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் மின்படி என்றால் என்ன என்று தமிழ்த் துறைகள் கேட்டுக்கொள்ளவே இல்லை. 2018இல் அதே குழு கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இவ்விதி பாமினிக் கோப்பின்மீது எப்படிச் செயல்படும்? மென்பொருள் காண்பது அரைப்புள்ளிகள் விரவிய ஆங்கில எழுத்துக் குப்பை. ஒருங்குறியில் உள்ள எந்த நூலோடும் கட்டுரையோடும் அது ஒத்துப்போகாது. முழு ஆய்வேட்டையும் வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தாலும் அந்த ஒப்பீட்டில் ஒப்புமை பூச்சியமே. வருடிய படமாக இருந்தால் ஒப்பிடவே எழுத்து இல்லை. ஒருங்குறியில் நேர்மையாக எழுதும் மாணவர் சோதிக்கப்படுகிறார். பழைய எழுத்துருவுக்குள் ஒளிந்துகொள்பவர் சோதனையின்றித் தேறுகிறார். அந்தப் பூச்சியத்தை நேர்மைக்குச் சான்றாகக் கோப்பில் இணைத்து, நெறியாளரும் துறைத்தலைவரும் கையொப்பமிடுகிறார்கள்.

பார்வையற்ற மாணவரின் நிலை இதைவிடக் கொடியது. திரைவாசிப்பான் பாடத்தை மட்டுமே படிக்கும். வருடிய ஆய்வேட்டின்முன் அது ஊமையாகிறது. பாமினிக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு, ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில நெடுங்கணக்கை ஒப்பிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். தமிழில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பார்வையற்றவர், தம் துறையில் முன்னே செய்யப்பட்ட ஆய்வை இன்னொருவர் வாசித்துக் காட்டினாலன்றி அறிய முடியாது என்றால், அது சலுகைக் குறைபாடு அன்று. சட்டம் தந்த உரிமையின் மறுப்பு.

மறுப்புரைகள் இரண்டு வழக்கமாக எழுவன. பிடிஎஃப் ஆவணத்தின் உறுதியைக் காக்கிறது, திருத்தக்கூடிய வடிவம் கொடுத்தால் யாரும் மாற்றிவிடுவார்கள் என்பது ஒன்று. ஆவணக் காப்புக்கென்றே 2005இல் பன்னாட்டுத் தரமான பிடிஎஃப்/ஏ, ஒவ்வொரு வடிவமும் எந்த ஒருங்குறி எழுத்து என்பதைக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கும் நிலையை வகுத்துத் தந்திருக்கிறது. உறுதிக்குப் பிடிஎஃப், ஆய்வுக்கு மூலக் கோப்பு என இரண்டையும் வைப்பதற்குத் தடை எதுவும் இல்லை. திருத்தக்கூடிய கோப்பு திருட்டுக்கு வழி என்பது மற்றொன்று. திருட நினைப்பவருக்கு ஒரு தட்டச்சரும் சில ஆயிரம் ரூபாயும் போதும். தேட முடியாத கோப்பு திருட்டைத் தடுப்பதில்லை, திருடியவரை மறைக்கிறது. நேர்மையான வாசகரை மட்டுமே அது வெளியே நிறுத்துகிறது.

செய்ய முடியாத வேலையை யாரும் இங்கே கேட்கவில்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் தமிழ் நூல்களைப் பாடமாக்கித் தந்தது. உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே பெயரோடு குறிப்பது அதன் வழக்கம். தமிழ் விக்கிமூலத்தில் எழுத்துணரி தந்த பாடத்தைப் பக்கப் படத்தோடு அருகருகே வைத்து ஒருவர் மெய்ப்புப் பார்க்க, வேறொருவர் சரிபார்க்கிறார். எந்தப் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. ஊதியமும் பதவியும் இல்லாதவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை, ஊதியமும் பதவியும் உள்ள நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஆகவே கோரிக்கைகள் நான்கு. ஆய்வேட்டின் பிடிஎஃப்போடு அதன் ஒருங்குறி மூலக் கோப்பையும் பல்கலைக்கழகங்கள் பெற வேண்டும். கையொப்பப் பக்கங்களை மட்டும் வருடி இணைத்தால் போதும். ஒப்புமை அறிக்கையை ஏற்குமுன், கோப்பிலிருந்து மீட்ட பாடம் தமிழாக இருக்கிறதா என்று ஒரு பக்கத்தையாவது நூலகம் திறந்து பார்க்க வேண்டும். மாற்றிய பாடத்தைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், எந்தக் கருவியால் மாற்றினார், எத்தனை பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டார், எத்தனை பிழை கண்டார் என்பதை ஆய்வு முறையியலில் எழுத வேண்டும். எழுதாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் கேள்வி கேட்க வேண்டும். ஒரு நூலை மெய்ப்புப் பார்த்து நம்பத்தகுந்த பாடமாக வெளியிடுவது, கருத்தரங்கக் கட்டுரைக்கு இணையான ஆய்வுப் பணியாக மதிப்பெண் பெற வேண்டும்.

இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. தமிழ்த் துறையின் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலின் ஒரு வரியாக இதைச் சேர்க்கத் துணியும் ஒருவர் போதும்.